இராயனுக்கு உரிய பங்கு

நியூயார்க் மாநகரத்தைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில், 22 அடிக்கு 29 அடி அளவுள்ள, களை மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தார் பிரெடரிக் வால்ஸ் என்ற வழக்கறிஞர். வீடென்று சொல்லத்தக்க எதையும் கட்டுவதற்குப் போதாத அந்த மண்ணுக்கு நகராட்சி விதித்த வருஷ வரி 5 டாலர் 24 சென்ட். அதைக் கட்டச் சக்தி இல்லாதவர் அல்லர் அவர். ஆயினும், ஊரிலுள்ள தேவாலயங்களும் யூதர்களின் ஜெபாலயங்களும் ஒரு காசும் செலுத்தாமல் விடப்படும்போது அவற்றின் பங்கும் சேர்ந்து மற்றவர்கள் தலையில் விழுகிறதென்றும், ஆகவே தாம் கட்டும் ஐந்து டாலரில் ஏதோ ஒரு பின்னம், தாம் அங்கத்தினராக இல்லாத சபைகளுக்குத் தம் சம்மதமின்றியே காணிக்கையாகப் போய்ச் சேருகிறதென்றும், மதத்தை ஸ்தாபிக்கும் சட்டம் எதையும் இயற்றலாகாது என்று விதித்திருக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்கு இது விரோதமென்றும் வாதித்து, அவர் நியாயஸ்தலத்தின் படியேறினார். அற்பத் தொகையைப் பற்றிய அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1970 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் தேதி முடிவடைந்தது. தேவாலயங்களுக்கு வரிவிலக்கு அளிப்பது தர்மமா என்ற விவாதம் அந்நாட்டில் எப்போது கிளம்பினாலும், இன்றளவும் அந்தத் தீர்ப்பைத் தொட்டுக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது.

வால்ஸ் தோற்றார். ஓர் ஆசனம் காலியாக இருந்த அச்சமயத்தில், எட்டு நீதிபதிகளில் எழுவர் அவருடைய வாதத்தை நிராகரித்தனர். பெரும்பான்மையோரின் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர் மேற்கொண்ட மார்க்கம் கவனிக்கத் தக்கது. தேவாலயங்கள் ஏழைகளுக்கு உபகாரம் செய்கின்றன, ஆகையால் சலுகைக்குப் பாத்திரமானவை என்ற சுலபமான நியாயத்தை அவர் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், எந்தச் சபை எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஆண்டுதோறும் தராசு பிடிக்க நேருமென்பதை அவர் உணர்ந்திருந்தார். வரி விதித்தால் நடைமுறையில் என்ன நிகழும் என்பதையே அவர் எண்ணிப் பார்த்தார். மதிப்பீட்டாளர் வந்து பலிபீடம் அமைந்த மனையின் சந்தை விலையைக் குறிக்க வேண்டும். பாக்கி நின்றால் அந்தச் சொத்தின்மேல் சர்க்கார் பாத்தியதை கொண்டாட வேண்டும். அப்போதும் பணம் வராவிட்டால் ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். விலக்கு அளித்தாலும் சர்க்காருக்கும் சபைக்கும் ஓரளவு சம்பந்தம் ஏற்படத்தான் செய்கிறது. ஆனால் வரி விதிப்பதால் ஏற்படும் சம்பந்தம் அதனினும் நெருக்கமானது, சிக்கல் மிகுந்தது என்பது அவர் கண்ட முடிவு. மேலும், நியூயார்க்கின் சட்டம் தேவாலயங்களை மாத்திரம் பொறுக்கியெடுத்துச் சலுகை காட்டவில்லை. மருத்துவமனைகள், நூலகங்கள், விளையாட்டுத் திடல்கள், விஞ்ஞானக் கழகங்கள் முதலியன அடங்கிய பெரியதொரு வரிசையில் அவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தது.

மாறுபட்டு நின்ற ஒரே நீதிபதியான வில்லியம் டக்ளஸ், வரிவிலக்கும் மானியமே என்றார். கஜானாவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கும், கஜானாவுக்கு வரவேண்டிய பணத்தை வராமல் விட்டுக்கொடுப்பதற்கும் பெறுகிறவனுடைய கணக்கில் என்ன வேற்றுமை இருக்கிறது? கணித சாஸ்திரம் டக்ளஸின் பக்கம் இருக்கிறதென்றே நான் கருதுகிறேன். ராஜ்ய அனுபவம் பர்கரின் பக்கம் இருக்கிறது. இரண்டில் எதற்கு முதலிடம் தருவது என்பதில்தான் அறிஞர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள்.

இந்தச் சலுகை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததன்று. எகிப்து தேசத்து ஜனங்களின் நிலங்களையெல்லாம் பார்வோனுக்கு வாங்கி, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை இறையாக விதித்த யோசேப்பு, ஆசாரியர்களின் நிலத்தை மட்டும் விட்டுவைத்தான் என்று ஆதியாகமம் கூறுகிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், கிறிஸ்தவக் குருமாரை நகரசபைகளின் கட்டாய ஊழியங்களிலிருந்தும் செலவுகளிலிருந்தும் விடுவித்தார். விடுவித்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஊருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடாமல் தப்புவதற்காகச் செல்வந்தர் பலர் திடீரென்று பக்திப் பரவசமடைந்து குருத்துவத்தை நாடத் தொடங்கியதால், அத்தகையோர் குருமாராவதைத் தடுக்க அந்தச் சக்கரவர்த்தியே மறுபடியும் சட்டம் போட வேண்டியதாயிற்று. சலுகையும் அதன் துர்விநியோகமும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன போலும்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் பலவற்றில் ஆதியில் நிலைமை தலைகீழாக இருந்தது. அங்கே ஜனங்களிடம் வரி வசூலித்துச் சபையைப் போஷித்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் 1833 ஆம் ஆண்டில்தான் அந்த ஏற்பாட்டை முற்றிலும் கைவிட்டது. வர்ஜீனியாவில் கிறிஸ்தவ போதகர்களுக்காக வரி தண்டும் யோசனையை 1785 இல் எதிர்த்துப் போராடியவரும், பிற்காலத்தில் ஜனாதிபதியானவருமான ஜேம்ஸ் மாடிசன், சமய ஸ்தாபனங்களிடம் சொத்துக் குவிவதைப் பற்றிய தம்முடைய அச்சத்தை முதுமையில் எழுதிய குறிப்புகளில் வெளியிட்டிருக்கிறார். இவ்விஷயத்தை வெளிப்படையாகக் காங்கிரஸ் சபையின் முன் வைத்தவர் ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட். 1850 இல் சுமார் 8 கோடியே 30 லட்சம் டாலராக இருந்த தேவாலயச் சொத்தின் மதிப்பு, 1875 இல் 100 கோடியை எட்டிவிட்டதென்றும், தடுக்காவிட்டால் நூற்றாண்டு முடிவதற்குள் 300 கோடியைத் தாண்டுமென்றும் எச்சரித்து, கல்லறை நிலங்களையும், வேண்டுமானால் கட்டுப்பாட்டுடன் ஆலயக் கட்டிடங்களையும் தவிர, ஏனைய சபைச் சொத்துக்கள் அனைத்துக்கும் சமமாக வரி விதிக்க வேண்டுமென்று அவ்வாண்டு டிசம்பரில் அவர் கோரினார். ஆனால் அந்தக் காலத்து அரசியலில் கத்தோலிக்கர்பால் புராடஸ்டண்டு பெரும்பான்மையினர் கொண்டிருந்த துவேஷம் ஊறிக் கிடந்ததென்பதையும் மறைப்பதற்கில்லை. கோரிக்கை கோரிக்கையாகவே நின்றுபோயிற்று.

இனி, தேவாலயம் வரி கட்டுவதில்லை என்ற பேச்சில் எவ்வளவு உண்மை உண்டென்று பார்க்கலாம். கோயில் குருக்களும் போதகர்களும் வருமான வரியே செலுத்துவதில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது பிசகு. அமெரிக்கப் போதகர் தம் சம்பளத்துக்கு மற்றப் பிரஜைகளைப் போலவே வருமான வரி கட்ட வேண்டும். சபை முக்கியமாகக் கட்டாதது, காணிக்கையாகவும் நன்கொடையாகவும் தனக்கு வரும் பணத்துக்கான வருமான வரியையும், ஆராதனைக்கும் அதைச் சார்ந்த காரியங்களுக்கும் பயன்படும் இடத்துக்கான சொத்து வரியையுமே. சபை ஒரு வாணிபத்தில் இறங்கினால், அதன் லாபத்துக்கு வரி உண்டு. முன்பு அதுவும் இல்லாமலிருந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்துச் சட்டக் கல்லூரியின் நலனுக்காக முல்லர் என்ற மக்ரோனிக் கம்பெனி வாங்கப்பட்டு, வரியில்லாத மக்ரோனி வரி கட்டும் மக்ரோனியோடு கடைத்தெருவில் போட்டியிடலாயிற்று என்ற கூக்குரல் எழவே, 1950 இல் காங்கிரஸ் சபை தர்ம ஸ்தாபனங்களின் சம்பந்தமற்ற வியாபாரங்களுக்கு வரி விதித்தது. அப்போது விடுபட்ட தேவாலயங்கள் 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளே கொண்டுவரப்பட்டன. ஆயினும் வாடகை வருமானம் பெரும்பாலும் அந்த வலையில் சிக்குவதில்லை. 1705 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆன் ராணி மன்ஹாட்டன் தீவின் மேற்குப்புறத்து விளைநிலத்தை டிரினிட்டி சபைக்குச் சாசனம் செய்து கொடுத்தபோது, அந்த வயலின்மேல் பிற்காலத்தில் வானளாவும் காரியாலயங்கள் எழும்புமென்று யார் கண்டார்கள்? இன்று வால் தெருவின் தலைமாட்டில் நிற்கும் அந்தச் சபை, உலகத்திலேயே மிகுந்த ஐசுவரியம் படைத்த திருச்சபைகளில் ஒன்று.

மற்றொரு சலுகை, கொடுக்கிறவருக்குக் கிடைப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைத் தட்டு வரும்போது, நாணயத்தை நழுவவிடுவோர் சிலர். தமக்கென்று இலக்கமிட்டுத் தந்திருக்கும் உறையில் வைத்துப் போடுவோர் பலர். உறையின் இலக்கத்தைக் கொண்டு பொருளாளர் வருஷம் முழுவதும் கணக்கெழுதி, ஜனவரியில் ஒரு கடிதம் அனுப்புவார். அதைக் காட்டித் தசமபாகத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர் கழிவு பெற வேண்டுமானால், அந்தக் கொடைக்குப் பிரதியாக அவர் என்ன பெற்றார் என்பதையும் கடிதம் சொல்லவேண்டும் என்பது சட்டம். ஆகவே, புலனுக்கு எட்டாத சமயப் பயன்களைத் தவிர வேறெதுவும் பெறவில்லை என்று சபைகள் வருஷந்தோறும் எழுத்து மூலம் உறுதி கூறுகின்றன. கிருபையைப் பற்றி வேதசாஸ்திரிகள் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளாக எழுதியதையெல்லாம் வரி இலாகா ஒரு வரியில் அடக்கிவிட்டது.

போதகரின் வீட்டுக்கு அளிக்கப்படும் விலக்கைத்தான் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 1921 ஆம் ஆண்டில் தொடங்கிய இது, சபை தன் போதகருக்குக் குடியிருக்கக் கொடுக்கும் மனையின் மதிப்பை அவருடைய வருமானமாகக் கருதலாகாது என்பதோடு நின்றிருந்தால் ஆட்சேபிக்க அதிகம் இல்லை; ஆலயத்தை அடுத்த வீட்டில் இருந்துகொண்டு அகாலத்தில் கதவைத் தட்டுகிறவர்களுக்கெல்லாம் எழுந்து வரவேண்டியவர் அவர். ஆனால், நாஸ்திகப் பொதுவுடைமைக்கு எதிராக அமெரிக்கா கச்சை கட்டி நின்ற 1954 ஆம் ஆண்டில், வீட்டுப் படியென்று ரொக்கமாகக் கொடுத்தாலும் அதற்கும் வரியில்லை என்று அந்தச் சலுகை விரிவாக்கப்பட்டது. அந்தப் பணத்தைக் கொண்டு போதகர் சொந்த வீடு வாங்கலாம். வீட்டுக் கடனின் வட்டியை மறுபடியும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒரே டாலருக்கு இரண்டு முறை விலக்கு. கலிபோர்னியாவில் பெருஞ்சபை ஒன்றை நிறுவிய ரிக் வாரன் என்ற புகழ்பெற்ற போதகரின் வழக்கில் இந்த விலக்கின் எல்லை என்ன என்ற கேள்வி எழுந்து, சட்டமே கவிழ்ந்துவிடுமோ என்ற பீதி ஏற்படவே, அவ்வீட்டின் நியாயமான வாடகை மதிப்பைத் தாண்டி விலக்குப் பெறலாகாது என்று 2002 இல் காங்கிரஸ் சபை அவசரமாக ஒரு வரம்பு கட்டியது. விஸ்கான்சின் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் இருமுறை இந்தச் சலுகை சாசன விரோதம் என்று தீர்ப்பளித்தும், மேல் நீதிமன்றம் 2019 இல் சலுகையையே நிலைநாட்டிவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியை நம் நாட்டில் காணலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் கற்பிக்கும் கத்தோலிக்கக் கன்னியரும் குருக்களும் வறுமை விரதம் பூண்டவர்கள். சர்க்கார் தரும் சம்பளம் அப்படியே அவர்களுடைய சபைக்குப் போய்விடும். 1944 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றைக் கொண்டு பல்லாண்டுக் காலம் அவர்களுடைய சம்பளத்தில் வரி பிடிக்கப்படவில்லை. 2014 ஐ ஒட்டி வரி இலாகா பிடித்தமே ஆகவேண்டுமென்று வற்புறுத்த, வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. விரதம் எடுத்த நாளிலேயே திருச்சபைச் சட்டப்படி தாங்கள் உலகியல் வாழ்வுக்கு மரித்துப்போனவர்கள், ஆகவே சம்பளம் தங்களுடையதன்று என்பது அவர்களுடைய வாதம். ஒரு நீதிபதி ஏற்றுக்கொண்ட அந்த வாதத்தை, இருவர் அமர்வு 2019 மார்ச்சில் தள்ளிவிட்டது. 2024 நவம்பர் 7 ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் 93 மேல்முறையீடுகளை ஒருசேரத் தள்ளுபடி செய்தது. சம்பளம் பெற்றபின் அதை யாருக்குக் கொடுத்தாலும், பெற்றது பெற்றதே என்பது சட்டத்தின் நோக்கு. சட்டப்படி அது சரியென்றே தோன்றுகிறது. ஆனாலும், தமக்கென்று ஒரு காசும் வைத்துக்கொள்ளாத தமிழ்க் கன்னியர் வரி கட்ட, சொந்த வீட்டில் வாழும் அமெரிக்கப் போதகர் விலக்குப் பெறுவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்கு, வரிச் சட்டம் ஆன்மிகத்தை அளக்கும் கோல் எதுவென்று வியக்கத் தோன்றும்.

அளக்கப் புகுந்தால் வரும் சங்கடமும் சாமானியமானதன்று. சயின்டாலஜி என்ற இயக்கம் ஒரு மதந்தானா என்ற சண்டையில், 1967 இல் பறித்த விலக்கை 1993 இல் அமெரிக்க வரி இலாகா திருப்பிக் கொடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வழக்குமேல் வழக்கு. அண்மையில் விஸ்கான்சின் மாநிலம், ஊனமுற்றோருக்கும் முதியோருக்கும் உதவும் கத்தோலிக்க தர்ம ஸ்தாபனம் ஒன்றைப் பார்த்து, நீங்கள் உதவி பெறுவோருக்கு மதபோதனை செய்வதில்லை, கத்தோலிக்கருக்கு மட்டுமே உதவுவதும் இல்லை, ஆகையால் உங்கள் காரியம் மதக் காரியமன்று, வேலையில்லாதோர் நிதிக்கு வரி கட்டுங்கள் என்றது. மதம் மாற்ற முயலாமல் உதவுவதே எங்கள் மதத்தின் கட்டளை என்றார்கள் அவர்கள். 2025 ஜூன் 5 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பர்கர் எதற்கு அஞ்சினாரோ அது 55 ஆண்டுகளுக்குப் பிறகு கண்முன் வந்து நின்றது.

சலுகைக்கு விலையும் உண்டு. டெக்சாஸ் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன், தம்மைத் தேர்தலில் எதிர்த்த சில வரிவிலக்கு ஸ்தாபனங்களின்மேல் கொண்ட எரிச்சலில், விலக்குப் பெற்ற ஸ்தாபனம் எதுவும் எந்த அபேட்சகரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யலாகாது என்ற திருத்தத்தை 1954 இல் புகுத்தினார். அவர் தேவாலயங்களை மனத்தில் வைத்துச் செய்யாவிட்டாலும், அது பிரசங்க பீடத்தையும் கட்டியது. 1992 தேர்தலுக்கு நான்கு நாள் முன்னதாக, பில் கிளின்டனுக்கு வாக்களிப்பது பாவமென்ற கருத்துப்பட முழுப்பக்க விளம்பரம் வெளியிட்ட நியூயார்க் மாநிலத்துச் சபையொன்று தன் விலக்கை இழந்தது. ஆனால் அத்தகைய தண்டனை அபூர்வம். 2025 ஜூலையில் வரி இலாகாவே, ஆராதனையில் தன் சபையாரிடம் தேர்தலைப் பற்றிப் போதகர் பேசுவது இந்தத் தடைக்குள் வராது என்று ஒரு வழக்கில் இசைந்து எழுதிக் கொடுத்தது. கட்டணத்தை ரத்துச் செய்துவிட்டுச் சலுகையை மட்டும் வைத்துக்கொள்வது எந்த வியாபாரியும் வரவேற்கக்கூடிய ஏற்பாடு.

ஆலயக் கட்டிடத்துக்கு வரி போட வேண்டுமென்று கோருவோரிடம் நான் சேர முடியாததற்குக் காரணம், அந்த வரி யாரைத் தாக்கும் என்பதே. சொத்து வரி காணிக்கையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை; மண்ணின் விலையைப் பார்த்து விதிக்கப்படுகிறது. நகரத்தின் நடுவில், நூறாண்டுகளுக்கு முன் கட்டிய பெரிய கல் ஆலயத்தில், இப்போது முப்பது நாற்பது முதியவர்கள் கூடி ஆராதிக்கிறார்கள். கீழ்த்தளத்தில் வீடற்றோருக்கு வாரமொரு நாள் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஒழுகும் கூரையைச் செப்பனிடவே வழியில்லை. மனையின் விலையோ கோடிக்கணக்கு. வரி வந்தால் முதலில் மூடப்படுவது அதுதான். ஊருக்கு வெளியே மலிவான மண்ணில் பதினாயிரம் பேர் அமரும் கொட்டகை எழுப்பி, தொலைக்காட்சியில் பிரசங்கிக்கிறவர் அந்த வரியை ஒரு வாரக் காணிக்கையில் கட்டிவிட்டுப் போவார்.

ஆகவே என்னுடைய ஆட்சேபம் வரிவிலக்கோடு அதிகம் இல்லை. அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த கணக்கு விலக்கோடுதான். அமெரிக்காவில் ஓர் அநாதை ஆசிரமமோ, நாய்களுக்கான காப்பகமோ நடத்துகிற தர்ம ஸ்தாபனம், ஆண்டுதோறும் படிவம் 990 என்ற அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று, தலைவருக்குச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் ஓரளவு பெரிய ஸ்தாபனமானால் அதில் விளங்கும். யார் வேண்டுமானாலும் அதை வாங்கிப் பார்க்கலாம். தேவாலயத்துக்கு அது வேண்டியதில்லை. விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கவும் வேண்டியதில்லை. தன்னைத் தேவாலயமென்று நடத்திக்கொண்டால் விலக்குத் தானே வந்து சேரும். 1984 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயர்ந்த பதவியிலுள்ள வரி அதிகாரி ஒருவர் தக்க காரணத்தை எழுத்தில் பதிந்தாலன்றி விசாரணையே தொடங்க முடியாது. ஜார்ஜியா மாநிலத்துப் பிரசங்கி ஒருவர் 2015 இல், சுவிசேஷம் பரப்புவதற்கு 6 கோடியே 50 லட்சம் டாலர் விலையுள்ள விமானம் தேவையென்று விசுவாசிகளிடம் கேட்டபோது, அவருடைய சபையின் வரவு செலவு என்னவென்று அந்த விசுவாசிகளுக்கும் தெரியாது, சர்க்காருக்கும் தெரியாது. அதற்கு முன்பே, 2007 இல், செனட்டர் சார்லஸ் கிராஸ்லி ஆறு பிரசித்தமான தொலைக்காட்சி ஊழியங்களுக்குக் கேள்விகள் எழுதினார். இரண்டு ஊழியங்கள் நன்றாக ஒத்துழைத்தன. ஏனையவை முழுமையான பதில் தரவில்லை. 2011 ஜனவரியில் விசாரணை ஓர் அறிக்கையோடு முடிந்தது. யாருக்கும் எந்தத் தண்டனையும் இல்லை.

கணக்குக் கேட்பது மத சுதந்திரத்தில் கை வைப்பதாகும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் நம்புவதற்கில்லை. இந்தியாவில், விலக்குக் கோரும் சமய டிரஸ்டு, அது தேவாலயமானாலும் மடமானாலும் பள்ளிவாசலானாலும், வருமான வரி இலாகாவில் பதிவு செய்துகொண்டு, வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் கணக்கைத் தணிக்கை செய்து சமர்ப்பிக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. அதனால் இந்நாட்டில் எந்த மதமும் க்ஷீணித்துப் போய்விடவில்லை. அமெரிக்காவிலேயே பல கத்தோலிக்க மறைமாவட்டங்கள் தணிக்கையான கணக்கைத் தாமாகவே வெளியிடுகின்றன; 1979 முதல் இயங்கிவரும் சுவிசேஷ சபைகளின் நிதிப் பொறுப்புக் கழகம், தன் அங்கத்தினர் கேட்பவருக்குக் கணக்கைக் காட்ட வேண்டுமென்று விதித்திருக்கிறது. இராயனுக்கு உரியது இராயனுக்கு என்று கூறிய ஆண்டவர், அதற்கு முன் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் யாருடைய உருவம் இருக்கிறதென்று எல்லார் முன்னிலையிலும் காட்டச் செய்தார்.

இதற்கு வேண்டுவது பெரிய சாசனத் திருத்தம் எதுவும் அன்று. எல்லா தர்ம ஸ்தாபனங்களும் ஆண்டறிக்கை தரவேண்டுமென்று கூறிவிட்டு, தேவாலயங்கள் நீங்கலாக என்று அமெரிக்கச் சட்டத்தில் 1969 ஆம் ஆண்டு முதல் நிற்கும் ஒரு சிறு விதிவிலக்கை நீக்கினால் போதும். அதைத் தொடக் காங்கிரஸ் சபை துணியவில்லை. அதன் அங்கத்தினர் அனைவரும், இரண்டாண்டுக்கோ ஆறாண்டுக்கோ ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவதொரு ஆலயத்தின் முன்வரிசை ஆசனத்தில் போய் அமரவேண்டியவர்கள்.